ஒன்பதில் நான்கு போதும்

கோவில்பட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஜிம்மில் கொடுத்த சீட்டை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். காலுக்கு மட்டும் ஒன்பது வகை. "இதில் எதைச் செய்ய, எதை விட?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். பி.டி. டீச்சர் ஓய்வு பெற்றாலும் விசில் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்.

நீ ஓட்டப்பந்தயத்துக்குப் போகப் போவதில்லை, மேடையேறித் தொடையை முறுக்கிக் காட்டப் போவதும் இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு உடம்பு தெம்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அப்படியென்றால் மெஷினின் பெயரைப் பார்க்காதே, கால் என்னென்ன வேலை செய்கிறது என்று பார். உட்கார்ந்து எழுகிறது. இடுப்பில் மடங்கிக் குனிந்து, கனத்தை எடுத்துக்கொண்டு நிமிர்கிறது. ஒற்றைக் காலில் உடம்பைத் தாங்கிப் படியேறுகிறது. குதிகாலைத் தூக்கி உந்துகிறது. இந்த நாலுக்கும் ஒவ்வொன்று இருந்தால் போதும். உன் சீட்டில் பாதிக்கு மேல் முதல் வேலையையே வேறு வேறு பெயரில் செய்யச் சொல்கிறது.

முதலாவது ஸ்குவாட். நம் ஊர்ப் பயில்வான்கள் போட்ட பஸ்கியும், பிள்ளையார் முன்னால் நீ காதைப் பிடித்துக்கொண்டு போட்ட தோப்புக்கரணமும் இந்தக் குடும்பம்தான். தோப்புக்கரணத்துக்கு மூளை யோகா என்று பெயர் வைத்து வெளிநாட்டில் சொல்லித்தருகிறார்கள். மூளைக்கு எப்படியோ, தொடைக்கு நல்லது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வை, விரல் நுனி கொஞ்சம் வெளியே பார்க்கட்டும், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. தொடை தரைக்குச் சமமாக வரும்வரை இறங்கினால் நல்லது. முதல் வாரம் நாற்காலி உயரத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பரவாயில்லை. பழகியதும் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு செய். கனம் முன்னால் இருந்தால் முதுகு தானாக நிமிர்ந்து நிற்கும்.

"முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூடங்களில் வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 2003-ல் வந்த ஓர் ஆய்வில், முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்து ஸ்குவாட் போடச் சொல்லி அளந்து பார்த்தார்கள். முட்டியின் சுமை ஓரளவு குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டின் சுமை பல மடங்கு ஏறிவிட்டது. உனக்குத் தொடை நீளம், அப்பா வாகு. முட்டி கொஞ்சம் முன்னால் வரத்தான் செய்யும், வரட்டும். உள்பக்கமாகச் சாயாமல் மட்டும் பார்த்துக்கொள்.

இரண்டாவது ருமேனியன் டெட்லிஃப்ட், கையில் கனத்தோடு இடுப்பில் மடங்கி நிமிர்வது. நிகு விளாட் என்ற ருமேனியப் பளுதூக்கும் வீரர் செய்து காட்டியதால் வந்த பெயர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர் அவர். உட்கார்ந்தே இருக்கிறவர்களுக்குப் பின்தொடையும் பிட்டமும் வேலையில்லாமல் கிடக்கும். ஸ்குவாட் முன்தொடையைத்தான் அதிகம் பிடிக்கும், பின்பக்கத்துக்கு இது வேண்டும். இரண்டு கையிலும் பை இருக்கும்போது பின்பக்கத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அதே மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளு. முட்டி லேசாக மடங்கியிருக்கட்டும், முதுகு வளையக் கூடாது. பின்தொடை சுண்டி இழுக்கிற இடத்தில் நின்று நிமிர்ந்துவிடு. தரை வரைக்கும் போக வேண்டும் என்று யாரும் அழவில்லை. நம் ஊர் ஹாக்கிப் பையன்கள் வேகமாக ஓடும்போது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதை எத்தனை முறை பார்த்திருப்பாய்? முன்தொடை கல்லாக இருக்கும், பின்தொடைக்குப் பயிற்சியே இருக்காது.

மூன்றாவது ஒற்றைக்கால் வேலை. லஞ்ச் (lunge), அதாவது ஒரு காலை முன்னால் எடுத்து வைத்து முட்டியை மடக்கி இறங்கி எழுவது, செய்யலாம். அதைவிடப் படியேறுவது உனக்குச் சுலபம். முட்டி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெட்டியில் ஒரு காலை வைத்து ஏறு. தரையில் இருக்கிற காலால் உந்தாதே, அதுதான் எல்லாரும் செய்கிற திருட்டு. இறங்கும்போதும் தொப்பென்று விழாமல் மெதுவாக. சோடையான கால் எதுவென்று முதல் நாளே தெரிந்துவிடும், அந்தக் காலில் இருந்து தொடங்கு.

நாலாவது கெண்டைக்கால். படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து குதிகாலைத் தூக்கி இறக்கு, முடிந்தது. கால் இரத்தக்குழாயில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுவது இந்தச் சதைதான். வேலைக்கு நடுவில் எழுந்து நின்றுகூடச் செய்யலாம்.

லெக் பிரஸ் மெஷின் கெட்டதில்லை. முதுகுக்கு வேலை கொடுக்காமல் காலுக்குக் கனம் ஏற்றலாம், வயதானவர்களுக்கு விழுகிற பயமும் இல்லை. ஸ்குவாட் போட முடியாத நாளில் அதில் போய் உட்கார். உட்கார்ந்து காலை நீட்டுகிற மெஷின் முன்தொடைக்கு மட்டும்தான், நேரம் மிஞ்சினால் பார். தொடையை விரித்துச் சேர்க்கிற மெஷினில் தொடைக் கொழுப்பு கரையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போ. ஓர் இடத்துச் சதையை அசைத்தால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது.

தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறேனே, அது போதாதா என்றும் கேட்டிருந்தாய். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரில் இருந்து வந்தது. நடப்பது இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, விடாதே. ஆனால் அது காலுக்கு அதிகம் பலம் ஏற்றாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதிலும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி.

ஆக, வாரம் இரண்டு நாள், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி. ஒவ்வொன்றிலும் மூன்று செட், செட்டுக்கு நிறுத்தாமல் 8 முதல் 12 தடவை. கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட்டு வர வேண்டும். 12 சுலபமாக வந்தால் கனத்தைக் கொஞ்சம் ஏற்று. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதே. மாதக்கணக்கில் ஒரே டம்பெல்லைத் தூக்கிக்கொண்டு "ஒன்றும் மாறவில்லையே" என்பவர்கள்தான் அதிகம். ஒரு நோட்டில் எழுதி வை.

முதல் தடவை செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும், படியிறங்கச் சிரிப்பாக இருக்கும். அது தானாகப் போய்விடும். மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். முதல் நாளே வீம்புக்கு நூற்றுக்கணக்கில் பஸ்கி போடுகிறவர்களுக்குத் தசை சிதைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போவதுண்டு. அப்படியானால் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கெட்டுப்போகலாம். உன் நண்பர்கள் சவால் விடுவார்கள் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம், அந்த மெத்தை மாதிரி இருக்கிற ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு ஸ்குவாட் போடாதே, பாதம் ஆடும். தட்டையான அடிப்பாகம் உள்ளது போதும், அனுமதித்தால் வெறுங்காலே நல்லது. புதிதாக வாங்காதே.

அடுத்த வாரம் ஸ்குவாட் போடுவதை வீடியோ எடுத்து அனுப்பு. பக்கவாட்டில் இருந்து எடுக்கச் சொல். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, முட்டியும் குதிகாலும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா