கிங் ஷாகா விமான நிலையத்தில் தொடர் இறக்க முறையும் கரும்பு எரிபொருளும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
டோங்காட், வெருலம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்,
குவாசுலு-நட்டால்.

பெறுநர்:
மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அவர்கள்,
பிரிட்டோரியா.

பொருள்: விமானங்களைத் தொடர் இறக்க முறையில் (நடுவில் நிற்காமல் ஒரே சரிவாக) இறக்குதல், அதற்கு வேண்டிய ஆட்களை அமர்த்துதல், கரும்பிலிருந்து விமான எரிபொருள் எடுத்தல் குறித்து.

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு வணக்கம்.

இம்மனுவைத் தமிழில் எழுதுகிறோம். வளர்த்து மதிக்கப்பட வேண்டிய மொழிகள் என்று நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு சொல்பவற்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலப் படியையும் இணைத்திருக்கிறோம்.

டர்பனுக்கு அருகே லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் 2010 மே 1 அன்று திறந்தது. அது வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அங்கேதான் வேலை. நாங்கள் கேட்பது விமானம் இறங்கும் விதத்தைப் பற்றி.

சில மாலைகளில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் காதே சொல்லிவிடும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் விமானத்தின் இரைச்சல் தணிந்துகொண்டே வந்து, திடீரென்று மறுபடி உறுமும். அந்த நேரம் கைப்பேசிச் செயலியில் பார்த்தால் உயரம் குறையாமல் அப்படியே நிற்கும். அப்புறம்தான் மீண்டும் இறங்கும். இப்படிப் படிப்படியாக நின்று இறங்குவதில்தான் எரிபொருள் வீணாகிறது. தாழ்வில் காற்று அடர்த்தி. இறக்கை மடிப்புகளும் சக்கரங்களும் வெளியே வந்துவிட்டால், உயரம் குறையாமல் பறக்க இன்ஜினுக்கு நிறைய விசை வேண்டும். எரியும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 3.16 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, சத்தம் வேறு.

தொடர் இறக்கத்தில் விமானம் உச்சியிலிருந்தே இன்ஜின் விசையைக் குறைத்துக்கொண்டு ஒரே சரிவாக வருகிறது. இதற்குப் புது விமானம் வேண்டாம். பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கென்றே கையேடு வெளியிட்டிருக்கிறது. ஹைட்ரஜன் விமானம், மின்சார விமானம் எல்லாம் வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. ஜோஹன்னஸ்பர்க் – டர்பன் பயணம் சுமார் ஒரு மணி நேரம்தான். அதில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி. ஜோஹன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். தம்போ விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்முடையதோ கடலோரம். சரிவு நீளம் என்பதால் மிச்சப்படுத்தவும் இங்கே இடம் அதிகம்.

இதற்கு வேண்டியது நேரக் கணக்கு. ஏடிஎஸ்-பி கருவி மூலம் விமானம் தன் இருப்பிடத்தை நொடிக்கு நொடி அறிவிக்கிறது. அதை வைத்து வருகை வரிசையைக் கணினி முன்கூட்டியே போட்டுவிட முடியும். லண்டன் ஹீத்ரோவில் 2014 முதல், 350 கடல்மைல் தொலைவில் வரும்போதே வேகத்தைக் குறைக்கச் சொல்லி, வானில் வட்டமடிப்பதைக் குறைத்திருக்கிறார்கள். எங்கள் விமானம் பறக்கும் மொத்த தூரமே அதைவிடக் குறைவு. ஆகவே ஓ.ஆர். தம்போவில் நிற்கும்போதே டர்பனில் இறங்கும் நேரத்தைக் குறித்துவிடலாம். கோடை மாலைகளில் அங்கே இடிமழை பிடித்துக்கொண்டால் எதிர்த்திசை விமானங்களுக்கும் இதையே செய்யலாம். வானில் சுற்றுவதைவிட, இன்ஜினை அணைத்துத் தரையில் நிற்பது மேல்.

முடியுமா என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. மவுண்ட் மோர்லாண்ட் நாணற்காட்டில் கோடை முழுதும் தகைவிலான் குருவிகள் இலட்சக்கணக்கில் வந்து அடைந்தன. அந்தக் கூட்டத்தில் விமானம் மோதாமல் இருக்க, பறவைகளைக் கண்காணிக்கும் ரேடாரை இந்த விமான நிலையத்தில் வைத்தார்கள். மனம் இருந்தால் வானை நுணுக்கமாக நடத்த முடியும் என்று அன்றே தெரிந்தது.

கவலை ஒன்று உண்டு. ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாதபோது கருவி வழி இறங்கும் நடைமுறைகள் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததால், 2024இல் நம் நாட்டின் சில விமான நிலையங்களில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. மேகமூட்டமான நாட்களில் பயணிகள் அவதிப்பட்டார்கள். அந்த நடைமுறைகளை வரையும் நிபுணர்கள் போதிய அளவில் இல்லை. தொடர் இறக்கப் பாதைகளையும் அவர்கள்தான் வரைய வேண்டும். ஆகவே முதலில் ஆட்களை எடுத்துப் பயிற்சி கொடுங்கள். டர்பன் பல்கலைக்கழகங்களில் கணிதமும் பொறியியலும் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது கரும்பு. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வெட்டத் தொடங்கிய கரும்பு இன்றும் ஓடுதளத்தைச் சுற்றி நிற்கிறது. 2018 ஏப்ரலில் சர்க்கரை பானங்களுக்கு வரி வந்தபின் விவசாயிகளின் நிலை இறுகிவிட்டது. அதே 2018இல்தான், கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய எத்தனாலைக் கொண்டு செய்யும் விமான எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலக்க அனுமதி கிடைத்தது. 2016 ஜூலையில் லிம்போபோ மாகாணத்தில் விளைந்த புகையிலை விதையின் எரிபொருளைக் கலந்து ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்கு விமானம் ஓட்டிய நாடு இது. நிலக்கரியிலிருந்து செயற்கை எரிபொருள் செய்யும் அறிவு நம் நாட்டின் செகுண்டா ஆலையில் பல்லாண்டுகளாக இருக்கிறது. புது நிலத்தை அழித்துக் கரும்பு நட வேண்டாம். சக்கையும், அறுவடைக்குமுன் கொளுத்தப்படும் காய்ந்த கரும்பிலையும் போதும். அந்தக் கரும்புச் சாம்பல் கொடியில் காயும் எங்கள் துணிகளில் இன்றும் விழுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் பசுமை எரிபொருள் பங்கை 2025இல் 2 விழுக்காடாகத் தொடங்கி 2050இல் 70 ஆக்கச் சட்டம் போட்டுவிட்டது. அந்தச் சந்தையில் நட்டாலுக்கும் இடம் இருக்க வேண்டும்.

எனவே, ஜோஹன்னஸ்பர்க் – டர்பன் தடத்தில் தொடர் இறக்கத்தை வழக்கமான முறையாக்கவும், எத்தனை விமானங்கள் அப்படி இறங்கின என்று மாதந்தோறும் வெளியிடவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். கரும்பு எரிபொருள் குறித்து வேளாண் அமைச்சருடன் பேசி, விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளரையும் கூட்டிக் கருத்துக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தை டோங்காட்டில் வையுங்கள். மாலை நேரமாக இருந்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும்.

இப்படிக்கு,
டோங்காட், வெருலம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)