எலியைத் தூக்கிய கை

ஆசிரியருக்கு,

ஆய்வக எலிகளை ஆள் தலையீடின்றி இயந்திரமே சோதிப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். இருபது ஆண்டுகள் விலங்கறையில் வேலை பார்த்தவன் நான். வாலைப் பிடித்துத் தூக்கியதும் சுண்டெலி உள்ளங்கையில் சிறுநீர் விட்டுவிடும். அந்தப் பதற்றத்தோடு புதிர்ப்பாதையில் இறக்கித்தான் அதன் நினைவாற்றலை அளந்தோம். அதுவும் பட்டப்பகலில், இரவில் நடமாடும் பிராணியை!

1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று ஆய்வகங்கள் ஒரே வகைச் சுண்டெலிகளை ஒரே மாதிரி சோதித்தும் சில முடிவுகள் ஒத்துப்போகவில்லை. 2014இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவோ, ஆண்கள் அணிந்த சட்டையின் வாடையே எலிகள் வலியைக் காட்டுவதைக் குறைத்துவிடுகிறது என்று கண்டது. (என் பனியன் எத்தனை ஆய்வேடுகளைக் கெடுத்ததோ!)

ஆள் கை படாமலே சோதிக்கும் இன்டெல்லிகேஜ் என்ற கூண்டில் சுண்டெலிகள் கூட்டமாகவே வாழ்கின்றன. ஒவ்வொன்றின் தோலுக்கடியிலும் அது எந்த எலி என்று காட்டும் ஒரு மின்னணுச் சில்லு. தாகமெடுத்த எலி மூலைக்குப் போய் மூக்கால் தட்டும். அதற்குரிய மூலை என்றால் மட்டுமே கதவு திறந்து தண்ணீர் கிடைக்கும். எல்லாவற்றையும் கணினி குறித்துக்கொள்கிறது.

வரவேற்கிறேன். ஆனால் விலங்கறைக்கு ஆளே வேண்டாம் என்று கட்டுரையாளர் முடித்திருப்பது சரியல்ல. தண்ணீர் குடிப்பது குறைந்தால் கணினி சொல்லும். மயிர் சிலிர்த்து மூலையில் சுருண்டு கிடக்கும் எலியை நான் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவேன்.

ஓய்வுபெற்ற விலங்கறை உதவியாளர்,
சென்னை