வாக்கி டாக்கியை யாரிடம் ஒப்படைக்கட்டும்?

எங்கள் சார்ட்டர் பள்ளியின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்தப் பள்ளியில் ஓர் ஆசிரியர் தலைமைக்கு வருவது எப்படி என்பது பற்றிப் பிப்ரவரியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன், ஏப்ரலில் இன்னொன்று. இரண்டுக்கும் "கிடைத்தது, நன்றி" என்று ஒரு வரி வந்தது. அதனால் இந்த முறை தமிழில் எழுதுகிறேன். உங்களில் ஒருவருக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும், பேர்லாந்து மீனாட்சி கோயிலில் பிரசாத வரிசையில் நின்று பேசியிருக்கிறோம், மற்றவர்களுக்கு அவர் சொல்லிவிடுவார். அப்புறம், ஹூஸ்டன் பக்கம் சார்ட்டர் பள்ளிகளில், அதாவது அரசுப் பணத்தில் தனி நிர்வாகக் குழு நடத்துகிற பள்ளிகளில், கணக்கும் அறிவியலும் எடுக்கிற நம்மவர்கள் சிலர், "கொஞ்ச வருஷம் இருந்தால் பிரின்சிபல் ஆகலாம் என்கிறார்களே, நம்பலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் எங்கள் வளாகத்துக்குப் புதிய பிரின்சிபலை அறிவித்தீர்கள். 2 வருஷம் வகுப்பெடுத்தவர், பிறகு உங்கள் தலைமைப் பயிற்சியில் ஒரு வருஷம். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பிள்ளை, போன வாரம்கூட அடுத்த வருஷத்துக்கான பள்ளி முழுவதன் வகுப்பு அட்டவணை எப்படிப் போடுவது என்று என்னிடம்தான் வந்து கேட்டார், உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஆசிரியர் இந்தப் பள்ளியில் தலைமைக்கு வர என்னென்ன வேண்டும், அதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

11 வருஷமாக 7ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போன ஆகஸ்டில் எங்கள் டீன், அதாவது பிரின்சிபலுக்குக் கீழே ஆசிரியர்களையும் அன்றாட வேலைகளையும் கவனிக்கிற நிர்வாகி, திடீரென்று விலகியபோது "சில வாரங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அந்தச் சில வாரங்கள் இன்னும் முடியவில்லை. காலை 6:45க்குப் பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிடும் கார் வரிசையில் நிற்பேன், யாராவது வராவிட்டால் அவர்கள் வகுப்பையும் பார்ப்பேன், வாரம் 9 ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுவேன், நடுவில் என் சொந்த வகுப்புகள் இரண்டு. இதற்கெல்லாம் தனிச் சம்பளம் கிடையாது, கதவில் பெயர் கிடையாது. கொடுத்தது ஒரு வாக்கி டாக்கி மட்டும்.

ஜனவரியில் ஒரு நாள் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. 14 பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போட்டேன், ஒருவன் அம்மா இரவு ஷிஃப்டில் இருந்ததால் அவன் அத்தையைத் தேடிப் பிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அதே நேரத்தில் என் மகள் வேறொரு பள்ளியின் மாலைக் காப்பகத்தில் இருக்கிறாள். 6 மணிக்கு மேல் அங்கே நிமிடத்துக்கு இவ்வளவு என்று அபராதம், பக்கத்து வீட்டு அக்கா போய்க் கூட்டி வந்தார். அப்போது முன் அலுவலகத்திலிருந்து வாக்கி டாக்கியில் குரல் வருகிறது: "நிர்வாகத்தில் யாராவது இருக்கிறீர்களா?" நான் இருக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம், "இல்லை மிஸ், நிர்வாகத்தில் யாராவது." கடைசிப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கிளம்பும்போது 7:40.

பிரின்சிபல் இடத்துக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்தில் எனக்குக் கொடுத்தது 25 நிமிடம். பிறகு வாய்மொழியாகச் சொன்ன காரணம், தலைமைக்கு வேண்டிய தோரணை இன்னும் வரவில்லையாம். தோரணை எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னால் வாங்கிவிடுவேன். முதுகலையும் பிரின்சிபல் சான்றிதழும் என் கைக்காசில்தான் முடித்தேன். மாவட்டம் நடத்துகிற வழக்கமான அரசுப் பள்ளியில் பொதுவாக இரண்டையும் கேட்பார்கள். டெக்சஸ் சட்டமோ சார்ட்டர் பிரின்சிபலிடம் இளங்கலைப் பட்டத்தைத்தான் கேட்கிறது. சரி, அந்தச் சுதந்திரம் உங்களுடையது. ஆனால் மாநிலம் கேட்காததை நீங்களும் கேட்கப் போவதில்லை என்றால், வேறு எதைக் கேட்கிறீர்கள் என்றாவது சொல்ல வேண்டாமா?

இந்தச் சார்ட்டர் என்ற யோசனையே ஆசிரியர்களை நம்பி வந்ததுதானே. 1988ல் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் அதைப் பேசும்போது, ஆசிரியர்களே கூடித் திட்டமிட்டு நடத்துகிற பள்ளிகளைத்தான் மனதில் வைத்திருந்தார். 1991ல் மின்னசோட்டாவில் முதல் சட்டம் வந்தது, மறு வருஷம் செயின்ட் பாலில் முதல் பள்ளி திறந்தது. நம் ஹூஸ்டனிலேயே 1994ல் இளம் ஆசிரியர்கள் இருவர் ஒரு 5ஆம் வகுப்பிலிருந்து தொடங்கியதுதான் கிப் என்ற சார்ட்டர் பள்ளித் தொடர். அவர்களும் அப்போது 2 வருஷ ஆசிரியர்கள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் தங்கள் பள்ளியைத் தாங்களே தொடங்கினார்கள், இன்னொருவர் ஒரு வருஷம் கூலியில்லாமல் தாங்கிக்கொண்டிருந்த பள்ளியில் வந்து உட்காரவில்லை.

ஆள் எடுக்கும் விழாக்களில் அம்புக்குறி போட்ட ஒரு படத்தைக் காட்டுகிறீர்கள்: ஆசிரியர், டீன், அசிஸ்டண்ட் பிரின்சிபல், பிரின்சிபல். அந்த அம்பு எங்கே வளைகிறது என்று படத்தில் இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் நல்ல ஆசிரியர்கள் கிளம்பிப் போகிறார்கள், நீங்கள் வெளியிலிருந்து ஆலோசகர்களை வரவழைத்து ஏன் போகிறார்கள் என்று எங்களுக்கே வகுப்பெடுக்கிறீர்கள், அதற்குப் பீட்சா வேறு. ஆகஸ்டில் பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மிஸ், நீங்களாவது இந்த வருஷம் முழுக்க இருப்பீர்களா?"

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து அந்த விதிகளை எழுத்தில் கொடுங்கள். தலைமை இடம் காலியானால் வெளியே சொல்வதற்கு 2 வாரம் முன்பு எங்களுக்குச் சொல்லுங்கள், தேர்வுக் குழுவில் ஓர் ஆசிரியரையாவது உட்கார வையுங்கள், கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். 'இடைக்கால' என்று ஒருவரை உட்கார வைத்தால் அது எந்தத் தேதி வரை, என்ன சம்பளம் என்பதும் அதில் இருக்கட்டும். புதிய பிரின்சிபலுக்கும் இது நல்லதுதான், இல்லாவிட்டால் அவர் எப்படி வந்தார் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஜூன் கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், 3 நிமிடம் தருவீர்கள். அதற்குள் பதில் வந்துவிட்டால் அந்த 3 நிமிடத்தில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

வாக்கி டாக்கி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. அதை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
7ஆம் வகுப்புக் கணக்கு ஆசிரியை