குப்பை அடிப்பதற்கு முன்

அன்புள்ள அம்மிணி கயலுக்கு,

மண் பரிசோதனை அட்டை வந்தது. அங்ககக் கரிமம், அதாவது செடியும் சாணியும் மக்கி மண்ணில் சேர்ந்த கரிச்சத்து, 0.38 சதவீதம். அரை சதவீதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் போடுவார்கள். நம்ம பக்கத்துச் செம்மண்ணுக்கு இது அதிசயமில்லை. ஆனால் ஒரே வருசத்தில் 0.75 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதே. ஒரு ஏக்கரில் மேலாக அரை அடி மண்ணே சுமார் 900 டன் இருக்கும். நீ அஞ்சு டன் மக்கின குப்பை, அதாவது மக்கு உரம், போட்டால், ஈரமும் சாம்பலும் போக அதில் கரிமம் முக்கால் டன்கூடத் தேறாது. அதாவது 0.08 சதவீதம். அதிலும் பாதிக்கு மேல் நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும். அது நஷ்டமில்லை, தின்னட்டும் என்றுதானே போடுகிறோம்! தின்கிறபோதுதான் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) அவிழ்கிறது. அவை விடும் பசையும் பூஞ்சை இழையும்தான் மண்ணைப் பொலபொலவென்று கட்டி வைக்கின்றன.

அதனால் 'கோடிக்கணக்கான நுண்ணுயிர்' என்று சொல்லி விற்கும் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதே. உன் மண்ணில் உயிர் இல்லாமல் இல்லை, சோறு இல்லாமல் முடங்கிக் கிடக்கிறது. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா வேறு கதை, அவற்றுக்குத் தனித்தனி வேலை உண்டு: முதலாவது பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும், இரண்டாவது மண்ணில் கட்டுண்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைக்கும். ஏக்கருக்கு ஒவ்வொன்றிலும் 200 கிராம் பாக்கெட் நாலு, பத்து கிலோ மக்கின குப்பையில் கலந்து, ஈர மண்ணில் சாயங்காலம் போடு. யூரியாவோடு ஒரே கூடையில் கலக்காதே.

மக்காச்சோளத் தட்டை அப்படியே ரோட்டாவேட்டரில் (டிராக்டர் சுழல் கலப்பை) அடித்து உழுதுவிடலாமா என்று கேட்டிருந்தாய். தட்டில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் அறுபது பங்கு. அதைத் தின்ன வரும் பாக்டீரியாவுக்குத் தழைச்சத்து போதாது. மண்ணில் இருப்பதை இழுத்துக்கொள்ளும். அடுத்து விதைத்தது முளைத்து மூணாவது வாரமே வெளுத்து நிற்கும். குவியலில் மக்க வைப்பதே நல்லது.

தட்டை இரண்டு மூணு அங்குலமாக நறுக்கு. காய்ந்த தட்டு ஒரு பங்கு எடைக்குப் பச்சைச் சாணியும் கிளைரிசிடியா மரத் தழையும் சேர்ந்து மூணு பங்கு. அரை அடித் தட்டு, மேலே சாணி, தழை, ஒரு கை பழைய குப்பை என்று அடுக்கி, அஞ்சு அடி அகலம், நாலு அடி உயரத்துக்குக் கொண்டுபோ. உயரம் குறைந்தால் சூடு தங்காது. கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. நாலாம் நாள் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிசம் கழித்து உருவு. பிடிக்க முடியாமல் சுட்டால் சரியாகப் போகிறது. 55 முதல் 65 டிகிரி இருந்தால் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். 70 தாண்டினால் மக்க வைக்கிற நுண்ணுயிர்களும் சேர்ந்து சாகும், உடனே புரட்டிவிடு. மற்றபடி பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வெளியே கிடப்பது உள்ளே போகும்படி புரட்டினால் போதும்.

அழுகின முட்டை வாடை வந்தால் தண்ணீர் அதிகம், காற்று இல்லை. தட்டைச் சேர்த்துப் புரட்டு. மூக்கைத் துளைக்கும் நெடி என்றால் சாணி, தழை அதிகமாகித் தழைச்சத்து ஆவியாகிறது. சூடே ஏறவில்லையென்றால் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும். உள்ளே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாதே, அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற, மக்க வைக்கும் ஒரு வகை பாக்டீரியா. மழை மண் வாசம் அதனுடையது. வெள்ளையாகச் சுருண்ட கொழுத்த புழுதான் ஆபத்து. தென்னை பக்கத்தில் இருக்கிறதல்லவா, காண்டாமிருக வண்டு இதில்தான் முட்டை வைக்கும். புரட்டும்போதெல்லாம் பொறுக்கி எடு, குவியலில் அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை கலந்து விடு.

மூணு நாலு மாதத்தில் ஆகிவிடும். ஆனதா என்று கண்ணால் மட்டும் முடிவு செய்யாதே. ஒரு கிண்ணத்தில் வயல் மண், இன்னொன்றில் அதே மண்ணோடு பாதிக்குப் பாதி குப்பை, இரண்டிலும் பத்துப் பத்துப் பாசிப்பயறு போடு. குப்பைக் கிண்ணத்தில் முளைப்பு குறைந்தாலோ வேர் நுனி கருகினாலோ இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும்.

ஏக்கருக்கு அஞ்சு டன், கடைசி உழவுக்கு முன்னால், மண்ணில் ஈரம் இருக்கும்போது. குப்பையை இறைத்த அன்றைக்கே உழுது மூடிவிடு. வயலில் குட்டான் குட்டானாகக் கொட்டி ஒரு வாரம் வெயிலில் காயப்போடுகிறார்களே, அதைவிட வீண் வேலை கிடையாது. ரோட்டாவேட்டரையும் ஒரு ஓட்டோடு நிறுத்து, பூஞ்சை இழையெல்லாம் அறுந்துபோகிறது. ரசாயன உரம் விசம் என்று நான் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் நடக்கும் நிரந்தர உரப் பரிசோதனை வயலிலேயே, உரத்தோடு தொழுவுரமும் சேர்ந்த பாத்தி நன்றாகத்தான் நிற்கிறது. டிஏபியை மட்டும் அட்டையில் சொன்ன அளவுக்கு மேல் போடாதே. அதில் இருக்கும் மணிச்சத்து மிஞ்சினால், வேரோடு ஒட்டி வாழ்ந்து சத்து கொண்டுவந்து தரும் வேர்ப் பூஞ்சையைச் செடி சேர்த்துக்கொள்ளாது.

ஒரு பட்டை மட்டும் குப்பை போடாமல் விடு. பழைய பருத்தி வேட்டியைச் சாண் அகலத்துக்குக் கிழித்து, குப்பை போட்ட பக்கமும் போடாத பக்கமும் அரை அடி ஆழத்தில் புதைத்துக் குச்சி நட்டுவை. இரண்டு மாதம் கழித்துத் தோண்டு. நுண்ணுயிர் வேலை செய்த பக்கம் துணி சல்லடையாகியிருக்கும். பாசனம் நடக்கிற காலத்தில் செய், காய்ந்த மண்ணில் எதுவும் தெரியாது. துணியில் மண் பூச்சு ஏறியிருந்தால் அது கறையான் தின்றது, கணக்கில் சேர்க்காதே.

அன்புடன்,
அப்பா