ராணி தலை

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் சித்தியும் நலம். உன் நலமறிய ஆவல்.

நீ இங்கிலாந்தில் இருந்து அனுப்பிய பிறந்தநாள் அட்டை வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பிறந்தநாள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, பரவாயில்லை. பிரிப்பதற்கு முன்னால் உறையின் மூலையில் தபால்தலையைத்தான் பார்த்தேன். எலிசபெத் ராணி போய் ராஜா சார்லஸ் வந்துவிட்டார். பக்கத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி வைத்த ஒரு கட்டம் வேறு. அப்பா செய்வது போலவே கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து ஊறப்போட்டேன். இரண்டு மணி நேரம் ஆகியும் விடவில்லை. இப்போது வருவதெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது, பசை தண்ணீருக்கு மசிவதில்லை. காகிதத்தோடு சேர்த்து வெட்டி ஆல்பத்தில் செருகிவிட்டேன்.

அப்பா ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பத்தோரு வருஷம் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகும் உன் கடிதம் வந்தால் முதலில் தலையைப் பார்ப்பார், அப்புறம்தான் கையெழுத்து. "உலகத்திலேயே தபால்தலையில் தன் பேரைப் போடாத நாடு இங்கிலாந்து ஒன்றுதான். 1840இல் ஆரம்பித்து வைத்ததே அவர்கள்தானே, அந்தத் திமிர். இந்தம்மா முகம் போதும்" என்பார். 1967இல் இருந்து கிட்டத்தட்ட அதே பக்கவாட்டு முகம்தான், நிறமும் விலையும் மட்டும் மாறும். அந்தப் பக்கத்துக்கு ஆல்பத்தில் 'ராணி தலை' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் மறுபடியும் அதையே சொன்னாய். "அப்பா போகும்போது நான் இல்லையே அம்மா." எனக்குப் பேச்சு வரவில்லை. சித்தி கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டேன். சித்தி கூப்பிடவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியது. வரலாறு நடத்தியவள் நான், நேராக எதையும் சொல்லத் தெரியாது. அந்த ராணியைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

எலிசபெத் ராணியாக வேண்டியவரே இல்லை, தெரியுமா? 1926இல் பிறந்தபோது அவர் ராஜாவின் இரண்டாவது மகனுக்குப் பெண், அவ்வளவுதான். பெரியப்பா எட்டாம் எட்வர்டு, இருமுறை விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்வதற்காக 1936 டிசம்பரில் முடியைத் துறந்தார். திக்குவாய் உள்ள தம்பி, அதாவது எலிசபெத்தின் அப்பா, ஆறாம் ஜார்ஜ் ஆனார். பத்து வயதுப் பெண்ணின் தலையில் அடுத்த வாரிசு என்று எழுதியாகிவிட்டது. போரின் கடைசி வருஷத்தில் ராணுவத் துணைப்படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார். 1947இல் கல்யாணம், அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

உனக்காகச் சொல்ல நினைத்தது ஒரு புகைப்படத்தைப் பற்றி. 1952 ஜனவரி 31, லண்டன் விமான நிலையம். ராஜாவுக்கு நான்கு மாதம் முன்பு ஒரு நுரையீரலை அறுத்து எடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியா வரைக்கும் போகவேண்டிய பயணம் அவருடையது, முடியாததால் மகளும் மருமகனும் போகிறார்கள். வழியனுப்ப வரவேண்டாம் என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லியும் கேட்காமல் வந்துவிட்டார். படத்தில் தொப்பியில்லாமல் நிற்கிறார். காற்றில் முடி கலைந்திருக்கிறது, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. 56 வயதுதான், எழுபது என்றால் நம்பலாம். பார்வை முழுக்க விமானத்தின் மேல்.

இந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு மீனம்பாக்கம் ஞாபகம் வரும். நீ முதல் தடவை கிளம்பின ராத்திரி, உள்ளே போய் வரிசையில் நின்ற பிறகும் அப்பா கண்ணாடியை விட்டு நகரவில்லை. "அதோ அந்தப் பச்சை துப்பட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது நீ இல்லை. நீ போட்டிருந்தது நீலம். நான் திருத்தவில்லை.

ராஜாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தது அதுதான் கடைசி. ஆறாம் நாள் இரவு கென்யாக் காட்டில், பெரிய அத்தி மரத்தின் மேல் கட்டிய ஒரு விடுதியில் உட்கார்ந்து, கீழே தண்ணீருக்கு வரும் யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் எலிசபெத். அந்த ராத்திரிதான் அவர் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. அதனால் தான் ராணியான நிமிஷம் எது என்று அவருக்கே கடைசிவரை தெரியாது. பிப்ரவரி 6, பகல் சாய்ந்த பிறகுதான் சேதி அங்கே எட்டியது. கணவர் பிலிப் தோட்டத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னார். 25 வயது. ஊர் திரும்பி இறங்கும்போது தார்ச்சாலையில் கறுப்புக் கோட்டுகளோடு பிரதமர் சர்ச்சிலும் மற்றவர்களும் வரிசையாக நிற்கிறார்கள். அப்பா செத்ததற்கு அழ வீட்டுக்கு வருகிற பெண்ணை, ராணியாக வரவேற்பதற்கு. அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யார் வெளிநாடு போனாலும் பெட்டியில் ஒரு கறுப்பு உடை கட்டாயம் போகும்.

இந்த இடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கென்யாக்காரங்களுக்கு அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதே வருஷம் அக்டோபரில் அங்கே அவசரநிலை போட்டு, ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தது அவர் பெயரில் நடந்த அரசுதான். 2013இல்தான் 5,228 பேருக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டார்கள். 1997இல் ஜாலியன்வாலா பாக்கில் மலர்வளையம் வைத்தார், தலை குனிந்தார், மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அதே பயணத்தில் சென்னையில் கமல் படத்தின் தொடக்க விழாவுக்கு வந்து உட்கார்ந்ததைத்தான் நம் ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது. நான் அவருக்குக் கோயில் கட்டவில்லை கயல். ஒரு மகளாக மட்டும் பார்க்கிறேன்.

வேலையாகப் பார்த்தால், அது ஒரு விசித்திரமான வேலை. 70 வருஷம் 214 நாள். தினமும் ஒரு சிவப்புப் பெட்டி நிறைய அரசாங்கக் காகிதம். வாரம் ஒருமுறை பிரதமர் வந்து பேசிவிட்டுப் போவார், குறிப்பெடுக்க யாரும் கூட இருக்கக் கூடாது. அப்படி 15 பிரதமர்கள். முதல் ஆள் சர்ச்சில் 1874இல் பிறந்தவர், கடைசி ஆள் லிஸ் டிரஸ் 1975இல். யாரைப் பிடித்தது, யாரைப் பிடிக்கவில்லை என்று வாய் திறந்ததில்லை. அப்பா இதை ரொம்ப மெச்சுவார். "லட்சம் கடிதம் கைமாறினாலும் ஒன்றைக்கூடப் படிக்கக் கூடாது, அதுதான் சார்ட்டிங்" என்பார். ராணி படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டவர், நீங்கள் படிக்கவே இல்லை, இரண்டும் ஒன்றா என்று நான் சண்டை போடுவேன்.

அப்படிப்பட்ட ராணியும் ஒரு இடத்துக்கு நேரத்தில் போகவில்லை. 1966 அக்டோபர் 21, வேல்ஸில் அபர்வான் என்ற சுரங்க ஊர். மலைபோல் கொட்டி வைத்த நிலக்கரிக் கழிவு மழையில் சரிந்து தொடக்கப்பள்ளியை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 குழந்தைகள். பிலிப் மறுநாளே போனார். இவர் போனது எட்டாம் நாள். தான் போனால் மண்ணைத் தோண்டுகிறவர்களின் கவனம் கலையும் என்று தயங்கினாராம். அவருடைய பெரிய வருத்தம் அதுதான் என்று கூட வேலை பார்த்தவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அதற்குப் பிறகு திரும்பத் திரும்ப அந்த ஊருக்குப் போனார். தாமதமாக வந்தவரை அந்த ஊர்த் தாய்மார்கள் விரட்டவில்லை.

அப்புறம் 2021. ஏப்ரல் 9ஆம் தேதி பிலிப் போய்விட்டார், 99 வயது, 73 வருஷத் தாம்பத்தியம். கொரோனா சட்டப்படி இறுதிச் சடங்கில் 30 பேர்தான். கறுப்பு முகக்கவசத்தோடு தேவாலய இருக்கையில் ராணி தனியாக உட்கார்ந்திருந்த படம் பேப்பரில் வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பாவம், பக்கத்தில் ஒரு ஆள் உட்காரக் கூடாதா" என்று சொல்லிப் பேப்பரை மடித்தார். ஐந்து வாரம் கழித்து எனக்குப் பக்கத்திலும் ஆள் இல்லை. சித்தி வாசலில் நின்றாள், உள்ளே விடவில்லை. உங்கள் ஊரில் இந்தியாவைப் பயணத்துக்கான சிவப்புப் பட்டியலில் போட்டிருந்தார்கள், நீ வேலை பார்த்த வார்டில் நான்கு பேருக்கு ஒரு நர்ஸ், உன்னால் வர முடியவில்லை. நீ உடை மாற்றும் அறையில் இருந்து வீடியோவில் பார்த்தாய். பின்னால் வரிசையாக இரும்பு அலமாரி தெரிந்தது. போனைப் பிடித்திருந்த பையனிடம் "அண்ணா, முகத்துக்கிட்ட கொண்டுபோங்க" என்றாய். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

2022 செப்டம்பர் 6ஆம் தேதி எடுத்த படத்தில், ராணி புதுப் பிரதமருக்குக் கை கொடுத்துக்கொண்டு நிற்கிறார். ஊன்றுகோல், சாம்பல் நிற ஸ்வெட்டர், கையில் நரம்பு ஊசி குத்தினாற்போல் ஒரு கருநீலத் தழும்பு. நீ அதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாள் இல்லம்மா" என்று வாட்ஸ்அப்பில் எழுதினாய். இரண்டே நாள். 8ஆம் தேதி பகல் 3:10. சான்றிதழில் காரணம் முதுமை என்று மட்டும். மூத்தவர் சார்லஸும் மகள் ஆனும் ஸ்காட்லாந்திலேயே இருந்ததால் முன்பே வந்து சேர்ந்தார்கள். மற்ற இரண்டு மகன்களும் பேரன் வில்லியமும் லண்டன் பக்கமிருந்து விமானத்தில் பறந்தார்கள். தரையிறங்குமுன் முடிந்துவிட்டது. இன்னொரு பேரன் ஹாரி வீட்டை அடைந்தபோது இருட்டத் தொடங்கிவிட்டது. விமானப்படை விமானம், காவல்துறைக் கார், திறந்துவிடும் சாலை, எல்லாம் இருந்த வீடு அது.

ஒன்று கேட்கவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ராணி போன அடுத்த வாரம் ராத்திரிப் பணி முடித்துவிட்டு ரெடிங்கில் இருந்து ரயில் பிடித்துப்போய், அவருக்கு அஞ்சலி செலுத்த தேம்ஸ் ஓரமாகப் பதினோரு மணி நேரம் வரிசையில் நின்றாய். கையில் கட்டிய பட்டையைப் படம் பிடித்து அனுப்பினாய். முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக இவளுக்கு என்ன இது, வெள்ளைக்காரி ஆகிவிட்டாளா என்று சித்தியிடம் முணுமுணுத்தேன். பெட்டியின் முன்னால் ஒரு நிமிஷம்கூட நிற்க விடவில்லை, ஆனால் நன்றாக அழுதுவிட்டேன் அம்மா என்றாய். அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. போன ஞாயிறு போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீ யாருக்காக அந்த வரிசையில் நின்றாய் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷருக்கும் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார். ராணி தலைக்கு முன்னால் போய் என் கணக்கைத் தீர்த்தாயா என்று கேட்டிருப்பார்.

திதிக்கு வரமுடியாவிட்டால் வருத்தப்படாதே, சித்தப்பா பையன் செய்வான். லீவு கிடைக்கும்போது வா. மாங்காய் வற்றல் போட்டிருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். இரும்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடு.

இன்னொன்று. அப்பாவின் அந்தப் பக்கத்தில் கடைசி வரிசையில் ஒரு கட்டம் காலி. அடியில் 'ஊதா' என்று எழுதியிருக்கிறார். பழைய தலைகள் 2023 ஜூலையோடு செல்லாது என்று சொன்னாயே, யாராவது தூக்கிப்போட வைத்திருந்தால் ஊதாவில் ஒன்று வாங்கி வை. உறைமேல் ஒட்டாதே, உள்ளே வைத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா