ரம்மிக்கு முன்னால் அந்தப் பெயரில் வேறொன்று இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘ஆன்லைன் விளையாட்டில் பணத்தை இழந்தார்’, ‘ஆன்லைன் விளையாட்டால் கடன்’ என்று வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். ரம்மியில் பணத்தை விட்டவர்களின் குடும்பம் படும் பாட்டை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். தமிழ்நாடு அரசு 2023-லும் மத்திய அரசு 2025-லும் சட்டம் கொண்டு வந்தது சரியான காரியம்தான். என் வருத்தம் வேறு. பணம் கட்டி ஆடும் சீட்டாட்டத்தை ‘ஆன்லைன் விளையாட்டு’ என்றே எழுதி எழுதி, அந்தச் சொல்லைக் கேட்டாலே வீட்டில் பெரியவர்கள் முகம் மாறுகிறது. அந்தப் பெயரில் முன்பு வேறொன்று இருந்தது. அதில் 11 வருஷம் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

2003 முதல் 2014 வரை வேலூர் ஆற்காடு ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில், பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஒன்பது சிஸ்டம். பகலில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வங்காளம், அசாம் பக்கத்து மக்கள் ரயில் டிக்கெட் பார்க்கவும் ஊருக்கு மெயில் அனுப்பவும் வருவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் கொசப்பேட்டை, தோட்டப்பாளையம் பசங்க. பள்ளிக்கூடப் பையைக் கல்லாவுக்குப் பின்னால் அடுக்கிவிட்டு கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் உட்கார்ந்தால், ‘டஸ்ட் டூ’ மேப்பில் யார் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறான் என்று கீழே டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்துவிடும், அவ்வளவு சத்தம். ஒரே இடத்தில் ஒளிந்துகொண்டு சுடுகிறவனைப் பார்த்து “கேம்ப் அடிக்காதடா” என்று கத்தும் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஊர் கட்டிப் படை திரட்டிப் போர் செய்யும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடுகிறவர்கள் கொஞ்சம் அமைதியான கூட்டம். அதில் சாமியார் ‘ஒலோலோ’ என்று ஓதி எதிரியின் ஆளைத் தன் பக்கம் இழுப்பார். தெருவில் என்னைப் பார்த்தால் அந்தப் பசங்க வணக்கம் சொல்ல மாட்டார்கள், ‘ஒலோலோ’ என்பார்கள்.

2005 கடைசியில் பிராட்பேண்ட் இழுத்த பிறகுதான் வெளியாட்களோடு ஆடுவது சாத்தியமானது. ராத்திரி கூட்டம் குறைந்ததும் வெளி சர்வரில் போய் ஆடுவார்கள். லேக் அடிக்கும், அதாவது ஆட்டம் திக்கித் திக்கி நகரும், பாதியில் கனெக்‌ஷன் போகும். ஆனாலும் அடுத்த நாள் அதே நேரத்துக்கு அதே பெயர்கள் அங்கே காத்திருக்கும். முகம் தெரியாது, ஊர் தெரியாது. இங்கே ஒரு பையன் பரீட்சைக்கு இரண்டு வாரம் வராவிட்டால், வந்ததும் “எங்கே போனாய்?” என்று கேட்க அங்கே நாலு பேர் இருந்தார்கள்.

நான் அந்த விளையாட்டெல்லாம் ஆடியதில்லை. எனக்கு செஸ். சொல்லிக்கொடுத்தவர் ஜல்பைகுரியிலிருந்து மனைவியின் வைத்தியத்துக்காக வந்து, பக்கத்து லாட்ஜில் ஏழு மாதம் தங்கியிருந்த ஒரு பெரியவர். எங்கள் பகுதியில் வங்காளிகளை எல்லோரும் தாதா என்றுதான் கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அண்ணன். அவரும் என்னை தாதா என்பார். சாயங்காலம் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்து ஏழாம் நம்பர் சிஸ்டத்தில் உட்காருவார். அப்போது இணையத்தில் இலவசமாக செஸ் ஆட ஒரு பிரபலமான தளம் இருந்தது. அதில் எந்த நாட்டுக்காரரோடோ ஆடி ஜெயித்தாலும் தோற்றாலும் கடைசியில் நன்றி என்று தட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

2008-ல் அந்த அம்மா தேறி, இருவரும் ஊருக்குப் போனார்கள். அதன் பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு நான் உட்காருவேன், அங்கே அவர் உட்காருவார். சென்னைக்கு வெளியே மின்வெட்டு கடுமையாக இருந்த வருஷங்கள் அவை. என் யூபிஎஸ் பன்னிரண்டு நிமிஷம்தான் தாங்கும். ஒருநாள் எனக்கு ஒரு யானை கூடுதல், ஜெயிக்கிற ஆட்டம், கரண்ட் போய்விட்டது. வந்து பார்க்கும்போது நேரம் முடிந்து ஆட்டம் அவர் கணக்கில் ஏறியிருந்தது. மறுநாள் உள்ளே போனதும் அவர் அனுப்பிய முதல் வரி, நான் சொல்கிறபடி காய் நகர்த்து என்று. ஆட்டம் முழுக்க நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். இருவரும் விறுவிறுவென்று முந்தைய நாளின் 27 நகர்த்தல்களையும் அப்படியே ஆடி, விட்ட இடத்துக்கு வந்தோம். அங்கிருந்து நிதானமாகத் தொடர்ந்து, தோற்று, ‘பாலோ’ என்று எழுதினார். வங்காளத்தில் நன்று என்று அர்த்தம். அப்புறம் எங்கள் ஊர் கரண்ட் கட் நேரம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நேரம் மாறினால் நான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்.

அந்தத் தளத்தில் பழைய விளையாட்டுகளை நிறுத்தினார்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்திருந்ததாம், நான் கவனிக்கவில்லை. ஒருநாள் ராத்திரி பலகை திறக்கவில்லை, அவ்வளவுதான். என்னிடம் இருந்தது அவருடைய இணையப் பெயர் மட்டும். அதன் கடைசியில் 1942 என்று இருக்கும், பிறந்த வருஷம் போல. பிரவுசிங் சென்டரில் அடையாள அட்டை வாங்கி நோட்டில் எழுத வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2011-ல்தான் வந்தது. அவர் அதற்கு முன்பே போய்விட்டார், அதனால் என் நோட்டில் அவர் இல்லை. அவர் அந்த ராத்திரி எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று இன்னும் நினைக்கிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்தது அல்ல. ஃபேஸ்புக்கில் 2009-ல் வந்த ஃபார்ம்வில், அதை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் முடிந்த அதே 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டது. குடியாத்தத்தில் என் அண்ணி அதில் பயிர் வைத்து அறுவடை செய்தவர். 2014-ல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயத்தின் சர்வரை 2024 மார்ச் 31-ல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாமல் போனது. மூடினாலும் ஆட வழி விட்டுப் போங்கள் என்று ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நம் ஊரில் இதை யாரும் ஒரு பொருட்டாகப் பேசுவதே இல்லை.

வழி விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் சென்டரில் ஓடிய விளையாட்டே சாட்சி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் இரண்டாம் பாகம் 1999-ல் வந்தது. அதை ஆடிய ரசிகர்களே சேர்ந்து புதுப் பகுதிகள் செய்தார்கள். 2013-ல் அது அதிகாரபூர்வமாக வெளியானது. 2022 ஏப்ரலில் அதே விளையாட்டில் ‘திராவிடர்’ என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். உருமி வாள் வீரன் வருகிறான், திரிசடை என்று ஒரு கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு. அதே தொகுப்பில் வங்காளிகளும் ஒரு நாகரிகம். என் மகன் இப்போது அதை ஆடுகிறான். வங்காளிகளை எடுத்துக்கொண்டு யாராவது எதிரே வந்தால் எந்த ஊர் என்று கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். 2025-ன் மத்தியச் சட்டமே போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸ் வேறு, சமூக விளையாட்டு வேறு, பண விளையாட்டு வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறது. செய்தியிலும் அப்படிப் பிரித்து எழுதலாமே. இன்னொன்றும் கேட்கிறேன். கிரீன் சர்க்கிளில் இருந்து பாகாயம் வரை அந்த நாட்களில் எத்தனையோ சென்டர்கள் இருந்தன, இன்று போர்டுகூட இல்லை. அங்கே ஆடியவர்களுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது இருக்கும். அவர்களை எழுதச் சொல்லி உங்கள் இணைப்பிதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சென்டரின் உட்புறம் எடுத்த பத்துப் பன்னிரண்டு படம் என்னிடம் இருக்கிறது, தருகிறேன்.

அதற்கு இடம் இல்லை என்றாலும் சரி, அடுத்த முறை ரம்மி செய்தி போடும்போது தலைப்பில் சூதாட்டம் என்றே போடுங்கள். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புகளை வீட்டில் சத்தமாகப் படிப்பது என் மகன்தான்.

இப்படிக்கு,
ஒரு பழைய பிரவுசிங் சென்டர்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.