பால் டீயும் பதினான்கு நாளும்

யாங்கோன்

அன்புள்ள மீனா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் நான்கு மாதம் ஓட்டிவிட்டேன். திட்டி முடித்துவிட்டுப் படி. இங்கே எல்லோரும் நலம் என்று இன்றுதான் மனமறிந்து எழுத முடிகிறது.

ஆடியில் ஒரு விடியற்காலை என் வீட்டுக்காரர் குளியலறையில் மயங்கி விழுந்துவிட்டார். இரண்டு நாளாகவே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது, வாய் திறக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே அவரை. எண்டோஸ்கோப்பி செய்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதிலிருந்து இரத்தம். இரைப்பையில் கிள்ளி எடுத்த துணுக்கை டாக்டரம்மா ஒரு மஞ்சள் ஜெல்லில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது ரோஜா நிறமாகிவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியாம். யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையிலேயே குடியிருக்குமாம். நிறம் மாறியதும் அந்த அம்மோனியாவால்தான்.

அப்பா ஞாபகம் வந்துவிட்டது மீனா. எத்தனை வருடம் பாலும் குழைந்த சோறும்! ஙப்பி மீன் விழுது வாசம் வந்தால் திண்ணைக்கு எழுந்து போய்விடுவாரே. காரம்தான் காரணம், கவலைதான் காரணம் என்று ஊரே சொன்னது. 1979இல் இரத்த வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியது 1982இல். அப்போதும் யாரும் நம்பாததால், 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்து, இரைப்பை வீங்கி, வாந்தி எடுத்து நிரூபித்தாராம். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். அப்பா இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தாலும் மருந்து இங்கே வந்துசேர வெகுகாலம் ஆகியிருக்கும். தெரிகிறது. மனது கேட்கவில்லை.

மருந்துக் கதையைக் கேள். முதலில் மூன்று மருந்து, 14 நாளைக்கு. ஐந்தாம் நாளே வலி நின்றதும் மனிதர் நிறுத்திவிட்டார்! மீதி மாத்திரைகளை லபெ என்கிற ஊறவைத்த தேயிலை டப்பாவுக்கு அடியில் நான் கண்டெடுத்தேன். அன்று நான் போட்ட சத்தம் கொய்யா மரத்து அக்கா வீடு வரைக்கும் கேட்டிருக்கும். பரிசோதித்தால் கிருமி அப்படியே இருந்தது. அரைகுறை மருந்தில் தப்பும் கிருமிக்கு அதே மருந்து பிறகு பலிக்காமல் போகலாம் என்று டாக்டரம்மா மருந்தையே மாற்றினார்: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், கூடவே அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல். மறுபடியும் 14 நாள்.

டெட்ராசைக்ளின் பாலோடு சேர்ந்தால் உடம்பில் ஏறாது. டீக்கடைப் பால் டீ இல்லாமல் பொழுது விடியாத மனிதரிடம் இதைச் சொல்லிப் பார்! மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் இரண்டு மணி நேரம், கடிகாரத்தோடு நான் காவல். வாயெல்லாம் தகரம் நக்கியது போல் இருக்கிறது என்று புலம்பினார். மூன்றாம் நாள் மலம் மறுபடியும் கறுத்தது; எனக்கு உயிரே போய்விட்டது. பிஸ்மத் அப்படித்தான் கறுக்க வைக்கும், நாக்குகூடக் கறுக்கும் என்றார்கள். பிசுபிசுத்து நாற்றமெடுத்தால்தான் ஓடி வர வேண்டுமாம். நாட்காட்டியில் வேளைக்கு ஒரு கோடு போட்டேன். முடித்து நான்கு வாரம் கழித்து மலப் பரிசோதனை. கிருமி இல்லை! தாளை மூன்று தடவை படித்தேன்.

இப்போது உன் விஷயம். ஆறு வருடமாக வெறும் வயிற்றில் காந்தல், தினம் ஒரு கேஸ் மாத்திரை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன் அம்மாவுக்கு வந்ததை மறந்துவிட்டாயா? இந்தக் கிருமி இரைப்பைப் புற்றுக்கும் காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994இலேயே சொல்லிவிட்டது. சென்னையில் மூச்சை ஊதியே பார்க்கிறார்கள். உன் கேஸ் மாத்திரையைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு. ஒமெப்ரசோல் வகை என்றால் இரண்டு வாரம் நிறுத்தாமல் பரிசோதிக்கக் கூடாது, கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். மூட்டு வலி மாத்திரை தின்கிறாயே, அதையும் சொல். அதுவும் புண்ணாக்கும்.

வியாசர்பாடிப் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல். தையில் என் வீட்டுக்காரரின் தம்பி சென்னை வருகிறார். காய்ந்த இறாலில் பலாச்சாங் வறுத்து, டப்பாவில் உன் பெயரும் எழுதி வைத்துவிட்டேன். பரிசோதனைக்கு எந்தத் தேதி என்று உன் கடிதம் வந்த பிறகுதான் அவர் பையில் ஏறும்.

உன்,
செல்லம்